அலுவலகத்திற்கு இரண்டு இணைய வழிகள்

ஒரே வழியுடைய ஊர், அவ்வழி அடைபட்ட கணமே தீவாகிவிடும். இராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள துறைமுகப் பகுதியில் கிளியரிங் ஏஜெண்டுகள் நடத்தும் அலுவலகங்களின் நிலையும் இத்தகையதே. இறக்குமதிச் சரக்குக்குரிய பத்திரங்களை அவர்கள் சுங்க இலாகாவின் ‘ஐஸ்கேட்’ என்னும் இணையவாயில் மூலம் அனுப்புகின்றனர். இணையம் அற்றால் பத்திரம் நிற்கும். பத்திரம் நின்றால் கண்டெய்னர் நிற்கும். தவணை கடந்த ஒவ்வொரு நாளுக்கும் டெமரேஜ் ஏறும். காத்திருக்கும் லாரிக்காரருக்கோ அன்றைய கூலி நஷ்டம். ஆதலின் இரண்டு இணைப்புகள் வைத்துக்கொள்ளுதல் ஆடம்பரமன்று.

இனி, அவை இயங்குமாறு காண்போம். இரண்டு இணைப்புகளையும், வெளித்துவாரங்கள் இரண்டுடைய ஒரே ரௌட்டரில் சேர்த்தல் வேண்டும். கணினிகள் யாவும் அந்த ரௌட்டர் ஒன்றையே தம் வாயிலாகக் கொள்ளும். எவ்வழியே செல்வதென்பதை அதுவே தீர்மானிக்கும். இதனை இரு முறைகளில் அமைக்கலாம்.

முதலாவது, காவல் முறை: ஓர் இணைப்பு வேலை செய்ய, மற்றொன்று காத்திருக்கும். இரண்டாவது, பங்கீட்டு முறை: இரண்டும் ஏககாலத்தில் வேலை செய்யும். பின்னதில், 50 மெகாபிட் வேகமுள்ள இரண்டு இணைப்புகள் இருப்பின், ஒரு கோப்பு 100 மெகாபிட் வேகத்தில் இறங்குமெனச் சிலர் கருதுவர். அங்ஙனமன்று. பொதுவாக ஓர் உரையாடல் ஒரு வழியேதான் செல்லும். பத்துக் குமாஸ்தாக்கள் ஒருங்கே வேலை செய்யும்போதே பயன் தோன்றும். மேலும், வங்கி வேலையின் நடுவில் வழி மாறினால் அலுவலகத்தின் வெளிமுகவரியும் மாறும். வங்கி ஐயுற்றுத் தொடர்பை அறுத்துவிடக்கூடும். எனவே அத்தகைய வேலையை ஒரே வழியில் நிறுத்துதல் நலம்.

வழி கெட்டதை ரௌட்டர் அறிவதெப்படி? தெருவிற்கு அப்பால் கம்பெனியின் கம்பி அறுந்திருப்பினும், மோடத்தின் விளக்கு எரிந்துகொண்டிருக்கலாம். ஆகவே தொலைவிலுள்ள ஒரு முகவரியை ரௌட்டர் அடிக்கடி அழைத்து, மறுமொழி வருகிறதாவென்று பார்க்குமாறு அமைத்தல் வேண்டும்.

நிற்க. எண்ணிக்கையில் இரண்டாயிருத்தல் மட்டும் போதாது. 2008 ஜனவரி 30-ஆம் நாள், அலெக்சாந்திரியா அருகே இரண்டு கடலடிக் கேபிள்கள் ஒரே நாளில் பழுதாயின. அவற்றுள் ஒன்று, சென்னையிலும் கரையேறும் ‘சீ-மீ-வீ 4’. இரண்டும் ஒரே கடல்வழியே சென்றமையால், இந்தியாவின் இணையம் பெரிதும் தளர்ந்தது. 2016 டிசம்பர் 12-இல் வீசிய வர்தா புயலில், சென்னையில் மரங்களும் மின்கம்பங்களும் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. இரண்டு கம்பெனிகளின் கம்பிகளும் ஒரே கம்பத்தில் தொங்குமாயின், ஒரு மரமே இரண்டையும் வீழ்த்தப் போதுமன்றோ?

ஆதலின் ஒன்று நிலத்தடிக் கண்ணாடியிழையாகவும், மற்றொன்று வேறு கம்பெனியின் கம்பியில்லா இணைப்பாகவும் இருத்தல் உத்தமம். ரௌட்டருக்கும் மோடங்களுக்கும் பாட்டரி வேண்டும். மின்சாரம் போயின் இரண்டு வழிகளும் வீணே.

முடிவாக, மாதம் ஒருமுறை முதற்கம்பியைக் கழற்றிவிட்டு, வேலை தொடர்கிறதாவென்று பார்த்தல் அவசியம். நம் மாணவருள் பலர் நாளை இத்தகைய அலுவலகங்களில் அமர்வர். புயல் வந்தபின் சோதிப்பதினும், வெயில் நாளிற் சோதித்து வைப்பதே அவர்க்கு அழகு.