ஸ்னூக்கர்: ஒரு கணக்கும் ஒரு வீரரும்

ஸ்னூக்கரை ஆங்கிலேயர் நாட்டு ஆட்டம் என்று எண்ணியிருப்பீர்கள். அது பிறந்தது நம் நாட்டில். 1875இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லேன் என்ற இளம் படை அதிகாரி (பிற்காலப் பிரதமர் அல்லர்) பில்லியர்ட்ஸ் மேசையில் வண்ணப் பந்துகளைச் சேர்த்துத் தொடங்கினார். அதன் விதிகள் 1882இல் உதகமண்டலம் கிளப்பில் எழுதி மாட்டப்பட்டன.

ரயில்வேயில் அளவுகோலோடு காலம் கழித்த எனக்கு இதன் கணக்கு மிகவும் பிடிக்கும். சிவப்புப் பந்துகள் 15. ஒவ்வொன்றுக்கும் 1 புள்ளி. ஒரு சிவப்பைக் குழியில் தள்ளினால் அடுத்து ஒரு வண்ணப் பந்து: மஞ்சள் 2, பச்சை 3, பழுப்பு 4, நீலம் 5, இளஞ்சிவப்பு 6, கறுப்பு 7. சிவப்பு தீரும்வரை வண்ணப் பந்து மேசைக்குத் திரும்பும். ஒவ்வொரு சிவப்போடும் கறுப்பையே தள்ளினால் 15 × 8 = 120. கடைசியில் ஆறு வண்ணங்களுக்கும் 27. ஆக 147.

ஸ்கெலட்டனில் வளர்ந்த எங்களுக்கு அந்த மேசை துரைமார் கிளப்பின் சன்னலுக்கு அப்பால் இருந்தது. நம்மவர் உள்ளே போனால் புள்ளி குறிக்கும் மார்க்கராகவோ பட்லராகவோதான் போனார்.

1922இல் புனேயில் பிறந்த வில்சன் ஜோன்ஸ், 1958இல் கல்கத்தாவில் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டம் வென்றார். தனிநபர் விளையாட்டில் உலகப் பட்டம் பெற்ற முதல் இந்தியர் அவரே. 1964இல் நியூசிலாந்தில் மீண்டும் வென்றார். தேசியப் பட்டங்கள் பில்லியர்ட்ஸில் 12, ஸ்னூக்கரில் 5. ஓய்வுக்குப்பின் இளையோரைப் பயிற்றுவித்தார். 1996இல் துரோணாச்சாரியார் விருது பெற்று, 2003இல் மறைந்தார்.

பிள்ளைகளே, எந்த மேசையையும் அடுத்தவர் மேசை என்று ஒதுங்காதீர்கள்.

பயிற்சி: கறுப்புக்குப் பதில் இளஞ்சிவப்பையே ஒவ்வொரு முறையும் தள்ளினால் மொத்தம் எவ்வளவு? 132 வந்தால் பாடம் புரிந்தது.