திராவகமும் மின்சாரமும்

சங்கத்து டிராக்டரின் பாட்டரியில் நீர் குறைந்தபொழுது கிணற்று ஜலத்தை ஊற்றுவதும், வலுக் குன்றியதென்று கருதித் திராவகத்தையே மேலும் சேர்ப்பதும் சில இடங்களில் வழக்கமாயிருக்கின்றன. இரண்டும் பாட்டரிக்குக் கேடு. காரணத்தை அறிய, திராவகம் ஜலத்தில் கலந்தவுடன் யாது நிகழ்கிறதென்பதை முதலில் அறிதல் வேண்டும்.

சுத்த ஜலத்தில் மின்சாரம் மிகச் சொற்பமாகவே செல்லும். ஹைட்ரஜன் குளோரைடு என்னும் வாயுவை டொலுயீன் என்னும் திரவத்தில் கரைப்பின் மின்சாரம் செல்வதில்லை. ஜலத்தில் கரைப்பின் தாராளமாய்ச் செல்கிறது. ஜலத்தில் அவ்வாயு ஹைட்ரஜன் என்றும் குளோரின் என்றும் பிரிந்து, முன்னது நேர்மின்னேற்றமும் பின்னது எதிர்மின்னேற்றமும் உடைய அயனிகளாகிறது. இவ்வயனிகளே மின்சாரத்தைச் சுமப்பவை. மின்சாரம் பாய்ந்த பின்னரன்று, கரையும்பொழுதே இப்பிரிவு நேர்கிறதென்று ஸ்வீடன் தேசத்து ஸ்வாந்தே அரீனியஸ் 1887-ம் ஆண்டில் விளக்கினார். இதற்கு அடிப்படையாயிருந்த அவருடைய 1884-ம் ஆண்டு ஆராய்ச்சிக்கு உப்சாலா சர்வகலாசாலையார் தாழ்ந்த தரமே அளித்தனர். 1903-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஹைட்ரஜன் அயனி தனித்து நீந்துவதன்று. தீப்பற்றிய கூரைக்குக் கிணற்றிலிருந்து வரிசையாய் நின்று குடங்களைக் கைமாற்றுவதுபோல, ஒரு நீர் மூலக்கூற்றிலிருந்து அடுத்ததற்கு அது தாவுகிறது. ஆகையால் மற்ற அயனிகள் பலவற்றினும் சுமார் ஐந்து மடங்கு விரைந்து செல்லும். காடியில் உள்ள அமிலத்திலோ மிகச் சில மூலக்கூறுகளே பிரிகின்றமையால், அது மின்சாரத்தைக் குறைவாகவே செலுத்தும்.

இனி, பாட்டரி. அதிலுள்ள கந்தகத் திராவகத்தின் ஒப்படர்த்தி, முழு மின்னேற்றத்தில் 1.24 முதல் 1.28 வரை இருக்கும். மின்சாரம் செலவாகச் செலவாகச் சுமார் 1.12 வரை இறங்கும். அப்பொழுது திராவகம் எங்கும் போய்விடவில்லை. அதன் சல்பேட் பங்கு ஈயத் தகடுகளில் ஒட்டிக்கொண்டு, நீர் மிஞ்சுகிறது. மின்னேற்றம் செய்தால் அது தகட்டைவிட்டுத் திரவத்திற்கே திரும்பும். இதனை உணராமல் புதுத் திராவகம் ஊற்றினால், மின்னேற்றத்தின் பின் அளவு மிகுந்து தகடுகள் அரிக்கப்படும். உண்மையில் குறைவது நீரே. மின்னேற்றத்தின்போது அது ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனுமாய்ப் பிரிந்து வெளியேறுகிறது. வாலையில் வடித்த நீரையே ஊற்ற வேண்டும். கிணற்று ஜலத்திலுள்ள குளோரைடு உப்பு தகட்டை அரிக்கும். இரும்போ, வண்டி நின்றிருக்கையிலும் மின்சாரத்தை வீணாக்கும். வெளிவரும் ஹைட்ரஜன் தீப்பற்றுமாதலால் அருகில் பீடியும் விளக்கும் ஆகா.

திராவகம் கலக்க நேர்ந்தால், நீரில் திராவகத்தைச் சிறிது சிறிதாய் விடுக. திராவகத்தில் நீரை விட்டால் அது உடனே கொதித்து முகத்தில் தெறிக்கும். மேனியில் பட்ட இடத்தை ஏராளமான ஜலத்தால் நெடுநேரம் கழுவுக.