சாவி யார் கையில்?

திண்டுக்கல் என்றதும் பூட்டு நினைவுக்கு வரும். கைத்தொழிலாளர்கள் இரும்பாலும் பித்தளையாலும் செய்யும் அப்பூட்டு 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. பூட்டு எத்துணை உறுதியானதாயினும், அதனை விலைகொடுத்து வாங்கியவரிடம் சாவியும் சேர்த்தே ஒப்படைக்கப்படும். கணினிகள் அனைத்தையும் பற்றி இவ்வாறு சொல்ல இயலாது.

கணினி வாங்குவோர் உறுப்புகளைத் தனித்தனியே வாங்கித் தாமே பொருத்திக்கொள்ளலாம். ஒரே நிறுவனம் வடிவமைத்து மூடித் தருவதை அப்படியே வாங்கவும் செய்யலாம். முதல் வழி இன்று எளிதாகத் தோன்றினும், அது திறந்த விதம் வியப்புக்குரியது.

1981இல் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாள் கணினியை வெளியிட்டது. விரைவில் சந்தைக்குக் கொண்டுவர விரும்பியதால் பல உறுப்புகளை வெளியிலிருந்து பெற்றது. செயலி இன்டெல் நிறுவனத்துடையது. இயங்குதளம் மைக்ரோசாப்ட் நிறுவனத்துடையது. கணினியின் உள்ளமைப்பை விளக்கும் கையேட்டையும் ஐ.பி.எம். வெளியிட்டது. கணினியைத் தொடக்கி வைக்கும் 'பயாஸ்' என்னும் அடிப்படை நிரலைப் பிறர் படியெடுக்கப் பதிப்புரிமை தடையாக நின்றது. காம்பேக் நிறுவனம் அதனைப் படியெடுக்கவில்லை. அந்நிரல் ஆற்றும் பணிகளை மட்டும் பட்டியலிட்டு, மூல நிரலைக் காணாத பொறியாளர்களைக் கொண்டு புதிதாக எழுதுவித்தது. 1983இல் அதன் கணினி விற்பனைக்கு வந்தது. பின்னர்ப் பலரும் அவ்வழியைப் பின்பற்றினர். ஒருவர் செய்த உறுப்பு மற்றொருவர் செய்த கணினியில் பொருந்தியது. சென்னை ரிச்சி தெருவின் சிறு கடைகளில் உறுப்புகளை வாங்கிக் கணினியை உருவாக்க முடிந்ததற்கு இப்பொதுமையே அடிப்படை.

திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் இடையில் உள்ள கொடைரோடு போன்ற ஊரில் இதன் பயன் நன்கு புலப்படும். தட்டச்சும் நகலெடுப்பும் செய்துதரும் ஒரு சிறு கடையின் கணினியில் மின்வழங்கி பழுதாகிறது எனக் கொள்வோம். பேருந்தேறி இவ்விரு நகரங்களுள் ஒன்றிற்குச் சென்றால் வேறொன்று வாங்கிவரலாம். அதே நிறுவனத்தின் மின்வழங்கிதான் வேண்டும் என்பதில்லை. 1995இல் இன்டெல் வெளியிட்ட ஏ.டி.எக்ஸ். தரவரையறை, தாய்ப்பலகையின் திருகுத்துளைகள் அமையும் இடத்தையும் மின் இணைப்பானின் வடிவத்தையும் வகுத்திருப்பதே காரணம்.

எனினும் கணினியைக் கூட்டுவது விளையாட்டன்று. செயலிக்கேற்ற தாய்ப்பலகையைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். டி.டி.ஆர்.4 நினைவகம் டி.டி.ஆர்.5 செருகுவாயில் நுழையாது. விரலில் தேங்கிய நிலைமின்சாரமும் உறுப்பைக் கெடுக்கும். ஒவ்வோர் உறுப்பிற்கும் உத்தரவாதம் தனித்தனியே இருப்பதால், பழுது எதில் உள்ளது எனக் கண்டறியும் பொறுப்பும் கூட்டியவருடையதே. விலை எப்போதும் குறையும் என்பதற்கும் உறுதியில்லை.

மூடிய கணினியைப் பழிப்பதும் பொருந்தாது. ஆப்பிள் நிறுவனம் 1977இல் விற்ற ஆப்பிள் 2 கணினியின் மூடியைக் கையாலேயே தூக்கலாம். உள்ளே எட்டு விரிவாக்கச் செருகுவாய்கள் இருந்தன. அதே நிறுவனம் 1984இல் வெளியிட்ட மேக்கின்டாஷ் கணினியைத் திறக்க நீண்ட தண்டுடைய தனித்திருப்புளி வேண்டியிருந்தது. நினைவகமும் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருந்தது. ஏழே ஆண்டுகளில் நேர்ந்த மாற்றம் இது! 2020இல் வந்த எம்1 செயலியில் நினைவகம் செயலியோடு ஒரே தொகுதியாக அமைந்தது. அதனால் மின்சாரம் சிக்கனமாயிற்று, வேகமும் கூடியது. ஆனால், வாங்கும் நாளில் 8 ஜிகாபைட் போதும் என்று முடிவுசெய்தவர், பின்னர் 16 தேவைப்பட்டால் வேறு கணினியையே வாங்க வேண்டும்.

ஆகவே, விலையைவிடப் பழுதுபார்க்கும் உரிமையே இங்கு முதன்மையான வினா. இந்திய அரசின் நுகர்வோர் நலத்துறை 2022 ஜூலையில் இதற்கென ஒரு குழுவை அமைத்தது. அவ்வாண்டு டிசம்பர் 24 அன்று பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையவாயிலையும் தொடங்கியது. வேளாண் கருவிகள், கைப்பேசி மற்றும் மின்னணுப் பொருள்கள், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் ஆகிய நான்கு துறைகள் இதில் இடம்பெற்றன.

மடிக்கணினி வாங்கச் செல்பவர் கடையில் கேட்டறிய வேண்டியவை சில: நினைவகம் செருகப்பட்டதா, பற்றவைக்கப்பட்டதா? மின்கலம் திருகால் பொருத்தப்பட்டதா, பசையால் ஒட்டப்பட்டதா? பழுதுநீக்கும் நிலையம் எவ்வூரில் உள்ளது?