பழைய உடுப்பு: கொடுப்பதும் உடுப்பதும்



தீபாவளிக்குப் புதுத்துணி எடுத்ததும், சிறுத்துப்போன பழைய உடுப்பைப் பக்கத்துக் காம்பராப் பிள்ளைக்குக் கொடுப்பது நம் லயங்களில் உள்ள நல்ல வழக்கம். அதை வாங்கி உடுப்பதிலும் வெட்கமில்லை. ஆனால் சுத்தம் வேணும்.

சொறியை உண்டாக்கும் பூச்சி கண்ணுக்கு லேசில் தெரியாது. பெரும்பாலும் தோலோடு தோல் பட்டுத்தான் தொற்றும். உடுப்பு, கம்பளி வழியாகவும் வரலாம். உடம்பை விட்டு விலகிய பிறகும் துணியில் 2, 3 நாள் உயிரோடு இருக்கும். ஆகவே நாம் செய்ய வேண்டியவை:

1. கொடுப்பவர் துவைத்துக் காயவைத்து, பொத்தான் தைத்து, மடித்துக் கொடுங்க. நம்ம பிள்ளைக்குப் போட மனம் வராத கிழிசலைக் கரித்துணிக்கு வைத்துக்கொள்ளுங்க.

2. வாங்குபவர் சவர்க்காரம் போட்ட நல்ல சுடுதண்ணீரில் 10 நிமிடம் ஊறவைத்துத் துவைங்க. வெயிலில் நன்றாகக் காயட்டும். துவைக்க முடியாத கம்பளிச் சட்டையைப் பொலித்தீன் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் வைத்துவிட்டுப் போடுங்க.

3. இரவில் அரிப்புக் கூடினால் தோட்ட டிஸ்பென்சரிக்குப் போங்க. தரும் மருந்தை வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் பூசவேணும். ஒருவர் விட்டாலும் சொறி திரும்ப வரும்.

இன்னொன்று. கொடுத்த உடுப்பைப் பற்றி வெளியே பேசாதீங்க. “அது எங்க அண்ணன் போட்ட சட்டைதானே” என்று பாடசாலையில் ஒரு பிள்ளை சொன்னால், போட்டிருக்கும் பிள்ளை மறுநாள் பாடசாலைக்கு வர மறுக்கும். இதை நம்ம பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுப்போம். கொடுத்தது கொடுத்ததாகவே இருக்கட்டும்.