இரும்பு துருப்பிடித்தலும் அதனைத் தடுத்தலும்

க. பொ. த. (சாதாரண தரம்) – விஞ்ஞானம்

மாணவர்களே, இப்பகுதியில் வினா வரும்போது பலர் "எண்ணெய் பூசுதல், வர்ணம் பூசுதல், நாகமுலாமிடல்" என முறைகளின் பெயர்களை எழுதி நிறுத்திவிடுகின்றனர். "ஏன்?" என்று கேட்டால் புள்ளியை இழக்கின்றனர். எனவே ஒவ்வொரு முறையையும் அதன் காரணத்துடன் சேர்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்.

1. துருப்பிடித்தல்

இரும்பு, நீருடனும் ஒட்சிசனுடனும் தாக்கமுற்று நீரேறிய பெரிக்கு ஒட்சைட்டாக மாறுவதே துருப்பிடித்தலாகும்.

இரும்பு + ஒட்சிசன் + நீர் → நீரேறிய பெரிக்கு ஒட்சைட்டு (துரு)

இங்கு இரும்பு அணு இலத்திரன்களை இழந்து அயனாகிறது. ஆகவே இரும்பு ஒட்சியேற்றப்படுகிறது. துரு நுண்டுளைகளைக் கொண்டது, உதிரக்கூடியது. ஆதலால் அது அடியிலுள்ள இரும்பைப் பாதுகாப்பதில்லை.

2. பரிசோதனை

துப்புரவான இரும்பாணிகளை நான்கு சோதனைக்குழாய்களில் இட்டுச் சில நாட்கள் வையுங்கள்.

அ – ஆணியின் ஒரு பகுதி நீரில், மறுபகுதி வளியில்: துருப்பிடிக்கும்.
ஆ – கொதித்தாறிய நீர், அதன்மேல் எண்ணெய்ப் படை: துருப்பிடிக்காது (ஒட்சிசன் இல்லை).
இ – நீரற்ற கல்சியம் குளோரைட்டு இட்டு மூடிய குழாய்: துருப்பிடிக்காது (நீர் இல்லை).
ஈ – அ போன்றது, நீருக்குப் பதிலாக உப்புக்கரைசல்: விரைவாகத் துருப்பிடிக்கும்.

முடிவு: துருப்பிடிக்க நீர், ஒட்சிசன் ஆகிய இரண்டும் தேவை. உப்பு துருப்பிடிக்க அவசியமானதன்று. கரைசலின் மின்கடத்துதிறனைக் கூட்டித் தாக்கத்தை விரைவாக்குகிறது.

3. தடுக்கும் முறைகள்

(அ) எண்ணெய், கிறீசு

சைக்கிள் சங்கிலி போன்ற அசையும் பகுதிகளுக்கு வர்ணம் பூசினால் உராய்வினால் உரிந்துவிடும். எனவே எண்ணெய் அல்லது கிறீசு பூசப்படுகிறது. தாவர எண்ணெய்கள் பல காலப்போக்கில் ஒட்சிசனுடன் தாக்கமுற்றுப் பிசுபிசுப்பாகும். ஆகவே கனிய எண்ணெயே ஏற்றது.

(ஆ) ஒட்சைட்டுப் படையும் எண்ணெயும்: துப்பாக்கி

துப்பாக்கியின் உருக்குப் பகுதிகள் நெருக்கமாகப் பொருந்தி அசைவதால் தடித்த பூச்சு பொருந்தாது. எனவே அதன் மேற்பரப்பில் கருநீல நிறமான இரும்பு ஒட்சைட்டுப் படையொன்று உருவாக்கப்படுகிறது. இது "நீலமாக்கல்" எனப்படும். பழைய முறையொன்றில் மேற்பரப்பை மெல்லியதாகத் துருப்பிடிக்கவிட்டு, கொதிநீரில் இட்டுச் செந்துருவைக் கரிய ஒட்சைட்டாக மாற்றினர். உதிரும் தூளைத் தேய்த்து நீக்கிவிட்டு இதனைப் பலமுறை செய்தனர். கரிய ஒட்சைட்டு, துருவைப் போல உதிராது உலோகத்துடன் ஒட்டியிருக்கும். ஆயினும் இப்படை நுண்டுளைகளைக் கொண்டது. தனியே நீரைத் தடுக்காது. அத்துளைகள் எண்ணெயைப் பிடித்து வைத்திருக்கின்றன. படையும் எண்ணெயும் சேர்ந்தே பாதுகாப்பு அளிக்கின்றன.

பழைய கருமருந்துத் துப்பாக்கிகளில் வெடித்தபின் எஞ்சும் உப்புகள் ஈரத்தை உறிஞ்சும். உப்பு எண்ணெயில் கரையாது, நீரில் கரையும். ஆகவே முதலில் வெந்நீரால் கழுவி, நன்கு உலர்த்தி, அதன்பின்னரே எண்ணெய் பூசினர். விரல் அடையாளமும் துருவைத் தொடக்கலாம். வியர்வையில் உப்பு உள்ளது.

(இ) நாகமுலாமும் வெள்ளீயமுலாமும்

முலாம் முழுமையாக உள்ளவரை இரண்டும் நீரையும் ஒட்சிசனையும் தடுக்கும். கீறல் விழும்போதே வேறுபாடு தெரியும்.

தாக்கவீதத் தொடர்: மகனீசியம் > நாகம் > இரும்பு > வெள்ளீயம் > செம்பு

நாகம் இரும்பிலும் தாக்கம் கூடியது. எனவே கீறலில் நாகம் அனோட்டாகி இலத்திரன்களை இழக்கும்; இரும்பு கதோட்டாகிக் காக்கப்படும். இது கதோட்டுப் பாதுகாப்பு ஆகும். 1824 இல் ஹம்பிரி டேவி கப்பல்களின் செப்புத் தகட்டை இரும்பு, நாகத் துண்டுகளால் இவ்வாறே காக்க முயன்றார்.

வெள்ளீயம் தாக்கம் குறைந்தது. கீறல் விழுந்தால் இரும்பே அனோட்டாகி விரைவாகத் துருப்பிடிக்கும். அப்படியாயின் உணவுப் பேணிக்கு ஏன் வெள்ளீயம்? உணவிலுள்ள அமிலங்களில் நாகம் கரைந்து உணவைக் கெடுக்கும் என்பதனாலாகும்.

4. மாதிரி வினா

கமக்காரர் இருவர் மண்வெட்டிகளைக் கழுவினர். ஒருவர் உலர்த்தியபின் எண்ணெய் பூசினார். மற்றவர் ஈரத்துடனேயே பூசினார். எது துருப்பிடிக்கும்? காரணம் தருக.

விடை: இரண்டாவது. எண்ணெய் நீருடன் கலக்காது, நீரின்மேல் படையாகும். உலோகத்துடன் தொடுகையிலுள்ளது நீரே. அந்நீரில் கரைந்த ஒட்சிசனும் உள்ளது. எனவே எண்ணெயின் அடியிலேயே துருப்பிடித்தல் நிகழும்.

5. தவிர்க்கவேண்டிய பிழைகள்

• "எண்ணெய் ஒட்சிசனை உறிஞ்சுகிறது" என எழுதாதீர்கள். அது ஒட்சிசன் இரும்பை அடைவதைத் தடுக்கிறது.
• "எண்ணெய் துருவை நீக்கும்" என எழுதாதீர்கள். துருவைத் தேய்த்து அகற்றிய பின்னரே பூசவேண்டும்.
• "நாகம் துருப்பிடிக்கும்" என்பதும் பிழை. துரு என்பது இரும்புக்கே உரிய சொல். நாகம் அரிப்படையும்.

பயிற்சி: உருக்குப் படகின் அடிப்பகுதியில் நாகக் கட்டி பொருத்தப்பட்டுள்ளது. படகுக்கு வர்ணம் பூசியவர் தவறுதலாக நாகக் கட்டிக்கும் பூசிவிட்டார். இதனால் ஏற்படும் விளைவை விளக்குக. (குறிப்பு: நாகம் கடல்நீருடன் தொடுகையில் இல்லாவிடில் இலத்திரன்களை இழக்குமா?)