டார் கட்டளையும் வேண்டாத கோப்புகளும்

விடுமுறைக்கு ஊருக்குப் புறப்படுகையில் வீட்டிலுள்ள எல்லாவற்றையுமா நாம் பெட்டியில் அடைக்கிறோம்? யுனிக்ஸ் கணினியில் கோப்புகளைக் கட்டி வைப்பதும் அதைப் போன்றதுதான். பல கோப்புகளை ஒரே கட்டாக்கும் கட்டளைக்கு ‘டார்’ என்று பெயர். ‘டேப் ஆர்க்கைவ்’ என்பதன் சுருக்கம் இது. 1979-ல் பெல் ஆய்வுக்கூடம் வெளியிட்ட யுனிக்ஸ் ஏழாம் பதிப்பில் இது இடம்பெற்றது. அன்று கட்டுகளைக் காந்த நாடாவில் பதிவார்களாம். நாங்கள் அந்த நாடாவைக் கண்ணால் கண்டதுகூட இல்லை!

எங்கள் வகுப்பின் ஆண்டு விழாக் கோப்புறையில் கட்டுரைகள், ஓவியங்கள், ஒத்திகை வீடியோக்கள் எல்லாம் இருந்தன. சனிக்கிழமை அதை அழித்து அடுத்த வகுப்புக்கு இடம் விட வேண்டும். எங்களிடம் இருந்ததோ ஒரு சிறிய பென்டிரைவ். வீடியோக்களை விலக்கிவிட்டு மற்றவற்றைக் கட்டிக்கொள்வோம் என்று முடிவு செய்தோம்.

இதற்கு ‘எக்ஸ்க்ளூட்’ என்னும் சொல்லை, முன்னால் இரண்டு சிறு கோடுகள் இட்டு எழுத வேண்டும். அதன்பின் ஓர் இடைவெளி விட்டு, நட்சத்திரக் குறி, புள்ளி, எம்பி4 என்று எழுதினோம். கட்டு முன்போலவே பருத்து வந்தது. காரணம் பிறகுதான் விளங்கிற்று. நட்சத்திரக் குறியை டார் பார்ப்பதற்கு முன்பே ஷெல் பார்த்துவிடுகிறது. பார்த்ததும், அங்கிருந்த வீடியோக்களின் பெயர்களை எல்லாம் அதனிடத்தில் வரிசையாக எழுதிவிட்டது. முதற்பெயர் மட்டும் விலக்கப்பட்டது. மற்றவை கட்ட வேண்டிய கோப்புகளாக மாறிவிட்டன. விலக்கச் சொன்னவற்றை நாங்களே கூப்பிட்டு உள்ளே அனுப்பியிருந்தோம்!

எனவே எக்ஸ்க்ளூட் என்பதை அடுத்துச் சமக் குறி இட்டு, நட்சத்திரம் முதல் எம்பி4 வரை மேற்கோள் குறிக்குள் அடைத்தோம். கட்ட வேண்டிய கோப்புறையின் பெயரை இதற்குப் பின் எழுதுவதே நல்லது. அப்போதும் சில வீடியோக்கள் உள்ளே வந்தன. ஒரு கேமரா, பெயரின் கடைசியைப் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. யுனிக்ஸுக்குச் சிறிய எழுத்து வேறு, பெரிய எழுத்து வேறு. பெரிய எழுத்துக்கும் ஓர் எக்ஸ்க்ளூட் சேர்த்தோம். டார் பார்ப்பது பெயரைத்தான். கோப்பின் உள்ளே இருப்பது படமா பாட்டா என்று அது திறந்து பார்ப்பதில்லை.

எதை விட்டுவிட்டோம் என்றும் டார் சொல்வதில்லை. கட்டில் உள்ளவற்றைக் காண, ‘சி’ என்ற எழுத்துக்குப் பதில் ‘டி’ என்ற எழுத்தை இட வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை அந்தப் பட்டியலை ஒருத்தி வாசிக்க, மற்றவர்கள் கோப்புறையோடு ஒப்பிட்டோம். ஓய்வு பெற்ற ஆசிரியைக்காக நாங்கள் அழுதுகொண்டே பாடிய பிரிவுபசாரப் பாடலைக் காணவில்லை. அதுவும் எம்பி4 தானே!

அதை மட்டும் தனியே பென்டிரைவில் ஏற்றினோம். இடம் சரியாக இருந்தது. மறுநாள் காலை கோப்புறை அழிக்கப்பட்டது.