ஆங்கில வினைகளைக் குறித்து மருமகனுக்கு

கதிரவெளி



ஆங்கில வினைகளின் இறந்தகால வடிவங்களுக்கு நியதியே இல்லையென்றும், பட்டியலை எத்தனை முறை மனனம் செய்தாலும் பரீட்சை மண்டபத்தில் மறந்துபோகிறதென்றும் மட்டக்களப்பு விடுதியிலிருந்து நீ மனம் நொந்து எழுதியிருந்ததைப் படித்தேன். மருமகனே, நாள்தோறும் மக்கள் நாவில் பழகும் சொற்களே எந்தப் பாஷையிலும் தம் புராதன ரூபத்தை விடாது காத்து நிற்கின்றன. ஷேக்ஸ்பியர் காலத்தில் 'ஹோல்ப்' என்றும் வழங்கிய சொல் இன்று 'ஹெல்ப்ட்' என்று பொதுவிதிக்கு அடங்கிவிட்டபோதிலும், கம், சீ, கிவ் முதலியவை அடங்கவில்லை. நம் தமிழில் மட்டும் என்ன? 'நில்', 'கல்' இரண்டும் ஒரே ஈறுடையனவாயிருந்தும் ஒன்று 'நின்றான்' என்றும் மற்றது 'கற்றான்' என்றும் ஆகின்றன. 'சா' என்பதோ 'செத்தான்' ஆகிறது. இவற்றையெல்லாம் பட்டியலிட்டா கற்றாய்? வெருகல் ஆற்றங்கரையிலும் வீட்டு முற்றத்திலும் பெரியோர் பேசக் கேட்டல்லவா கற்றாய்!

ஆகையால் அகரவரிசையைக் கைவிட்டு, ஓசையால் உறவுடையவற்றை ஒருங்கு சேர்த்து உரக்கப் படி. சிங், சாங், சங் என்பவற்றோடு ரிங், டிரிங்க், ஸ்விம், பிகின் ஆகியவை சேரும். கீப், கெப்ட் என்பதோடு ஸ்லீப், வீப், ஸ்வீப். கட், புட், ஷட் மாறுவதேயில்லை.

உன் கடிதத்தில் 'டிட் நொட் வெண்ட்' என்று இரண்டிடத்தில் எழுதியிருக்கிறாய். இதைச் சற்று நிதானித்துச் சிந்தி. 'போனான்' என்பதை மறுக்கும்போது நாம் 'போகவில்லை' என்கிறோம். அங்கே இறந்தகாலம் காட்டும் உறுப்பு நீங்கிவிடுகிறது. ஆங்கிலத்திலோ அக்காலத்தை 'டிட்' ஏற்றுக்கொள்வதால், 'வெண்ட்' மீண்டும் 'கோ' என்னும் இயல்பான நிலையை அடைகிறது. ஒரு வாக்கியத்தில் காலத்தை ஒருமுறை காட்டினாற் போதும். வினாவுக்கும் இதுவே விதி. பட்டியல் முழுவதையும் மனனம் செய்வதினும் இதனை உணர்ந்துகொள்வதே உனக்குப் பெரும் பிரயோசனம்.

கிராமத்துப் பிள்ளைக்கு ஆங்கிலம் கைவராது என்று நீ எழுதியது எனக்குச் சம்மதமில்லை. காரைதீவிற் பிறந்து, மட்டக்களப்பில் ஆங்கிலம் கற்று, விஞ்ஞானத்திற் பட்டம் பெற்று, 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்த விபுலானந்த அடிகளும் நம் கிழக்குக் கரையின் கிராமத்தவரே.

அடுத்த கடிதத்தை ஆங்கிலத்திலேயே எழுது; நேற்று எழுந்தது முதல் உறங்கும்வரை நீ செய்ததையும் செய்யாததையும் சொல். பிழைகளைத் திருத்தி மறுதபாலில் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
மாமா